டீத்தூளை வெறும் வாயில் தின்கிறாள் என் தங்கை: டீ உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

குடியாத்தம் மலர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கைக்கு 29 வயது, 2 பிள்ளைகள். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். காலை 6.30க்கே கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் ஒரு டம்ளர் டீயும் 2 பொறையும்தான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. கம்பெனியில் 2 டீ, மதியம் சாப்பிட்ட கையோடு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஒன்று. எங்கள் ஊரில் இது புதுசு இல்லை. பீடி சுற்றிய எங்கள் அம்மாவும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டீயிலேயே பகலை ஓட்டியவர்தான்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனால், அவள் டீத்தூள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு சிட்டிகை அள்ளி நாக்கில் போட்டு மெதுவாக மெல்கிறாள். பல் இடுக்கெல்லாம் கறுப்பு. என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டாள். "இன்னாடி இது?" என்று கேட்டேன். "சும்மாக்கா. அந்த வாசனை வந்தா வாய் ஊறுது, தாங்க முடியல" என்றாள். துருவிக் கேட்டதில், 7, 8 மாதமாக இப்படியாம். கம்பெனிக்குக்கூட காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறாள். ஒரு நாளைக்கு 2, 3 ஸ்பூன் உள்ளே போகிறது.

மாமியாருக்குத் தெரிந்தால் வேறு மாதிரி பேசுவார்கள் என்று பயப்படுகிறாள். டீ இதயத்துக்கு நல்லது என்று ஒரு செய்தி வருகிறது, டீ மெல்லக் கொல்லும் விஷம் என்று இன்னொன்று வருகிறது. எதை நம்புவது? இலையாகவே தின்றால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராணிப்பேட்டை சிவா | ஞாயிறு, இரவு 10.15

முதலில் டீயை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள் சகோதரி. நான் விட்டு 3 வருஷம் ஆகிறது. காலையில் வெறும் வயிற்றில் 2 டீ குடித்துக் குடித்து நெஞ்செரிச்சலில் தவித்தவன். விட்ட முதல் 3 நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. இப்போது நெஞ்செரிச்சல் இல்லை. தங்கச்சி தூளையே தின்கிறது என்றால் அந்த அளவுக்கு அடிமையாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.


செவிலியக்கா | திங்கள், காலை 5.50

மலர், ராத்திரி டியூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். தங்கச்சியைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். முடிந்தால் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பில் எவ்வளவு இரும்புச்சத்து இருப்பில் இருக்கிறது என்று அது காட்டும்.

நான் 22 வருஷமாகச் செவிலி, அதில் பாதிக்கு மேல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில். பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கும் பெண்கள், பல்பம் தின்பவர்கள், அடுப்புச் சாம்பல், திருநீறு, மண் வாசனை வந்தால் நிலைகொள்ளாதவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். டீத்தூள் தின்பவர்களும் உண்டு. மருத்துவத்தில் இதற்கு 'பைக்கா' என்று பெயர். உணவல்லாத ஒன்றின் மேல் அடக்க முடியாத ஆசை வரும். இப்படி வருகிற பெண்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவாக இருக்கும். மனக்கோளாறு, பேய், கெட்ட பழக்கம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்கள் ஒளித்துத் தின்கிறார்கள், நோயும் ஒளிந்தே வளர்கிறது. அதனால்தான் சிவா தம்பி சொன்ன 'அடிமை' என்ற வார்த்தை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதில் ஒரு கொடுமையான சுற்று இருக்கிறது. தேயிலையில் உள்ள டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியத்தில் இருந்து வரும் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. ரத்தம் குறையக் குறைய டீத்தூள் ஆசை கூடும். தூள் உள்ளே போகப் போக ரத்தம் இன்னும் குறையும். டீயாகக் குடித்தால் தண்ணீரில் இறங்கியது மட்டும்தான் உள்ளே போகும், சக்கை வடிகட்டியில் நின்றுவிடும். தின்றால் எல்லாமே போகிறது.

கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நகம் தட்டையாகி ஸ்பூன் மாதிரி குழிந்திருக்கிறதா? மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். அதை அவளாக யாரிடமும் சொல்ல மாட்டாள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் தங்கச்சி கூட உட்கார்ந்து தைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருக்கலாம்.


பாய்லர் மாஸ்டர் | திங்கள், மதியம் 2.20

வேலூர் காந்தி ரோடு பக்கம் 19 வருஷமாக டீக்கடை வைத்திருக்கிறேன். தூளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாத் தூளும் ஒன்றில்லை. பாக்கெட்டில் முகவரியும் உரிம எண்ணும் இல்லாமல் கிலோ கணக்கில் மலிவாக வரும் தூளில், ஏற்கெனவே கொதிக்க வைத்த சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றிக் கலப்பது உண்டு. எனக்கே ஒருமுறை அப்படி ஒரு மூட்டை வந்தது. பச்சைத் தண்ணீரில் போட்டதும் சிவப்பு இறங்கியது. திருப்பி அனுப்பிவிட்டேன். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் மெல்லத்தான் நிறம் விடும். இன்னொரு சோதனையும் இருக்கிறது. வடிதாள் மாதிரியான வெள்ளைத் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் கழித்துத் தூளைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தாளில் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் ஒட்டியிருந்தால் அது கலப்படம். காந்தத்தைத் தூளுக்குள் விட்டுப் பார்த்தால் இரும்புத் துகள் இருக்கிறதா என்றும் தெரியும். இதையெல்லாம் வாயில் போட்டு மெல்வது என்று படித்ததும் மனசு பதறியது அம்மா. டப்பாவில் என்ன தூள் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரேஷன் கடையில் கிடைக்கும் ஊட்டி டீ வாங்கினாலும் போதும், எங்கிருந்து வருகிறது என்றாவது தெரியும்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து பக்கத்து லாட்ஜுகளில் தங்கியிருக்கும் வங்காளிகள். அவர்கள் 'லால் சா' கேட்பார்கள். பால் கிடையாது, தூளைக் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவிட்டு வடித்துவிட வேண்டும். நம் ஆட்கள் கேட்பது ஸ்ட்ராங் டீ. அதற்கு டிகாஷன் பாய்லர் மேலேயே மணிக்கணக்கில் கிடக்கும், பையிலேயே தூள் ஊறிக்கொண்டிருக்கும். துவர்ப்பு முழுக்க இறங்கிவிடும், அதை மறைக்கத்தான் சர்க்கரையைக் கூட்டிப் போடுகிறோம். ஒரு கிளாசுக்கு 2 ஸ்பூன், சுமார் 10 கிராம். 5 டீ குடித்தால் 50 கிராம். சொல்லாமல் போட்டால் 3 ஸ்பூன்கூட விழும். டீ கெடுதல் என்று பேசுகிறவர்கள் சர்க்கரையைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை.


ஆம்பூர் நிலா | திங்கள், மாலை 6.05

செவிலியக்கா, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டதும் சுலைமானி (பால் சேர்க்காத எலுமிச்சை டீ) இல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள், சோறு செரிக்கும் என்பார்கள். அதுவும் தப்பா? பால் சேர்த்தால் டானின் அடங்கிவிடும் என்று என் நாத்தனார் சொல்கிறார், அது உண்மையா?


செவிலியக்கா | திங்கள், இரவு 8.30

நிலா, ஆட்டுக்கறியில் இருக்கும் இரும்புச்சத்து வேறு வகை. டீ அதை அவ்வளவாகத் தடுக்காது. சுலைமானியில் எலுமிச்சை வேறு பிழிகிறீர்கள். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். ரத்தம் நன்றாக இருக்கிறவர்கள் எப்போதாவது பிரியாணிக்கு மேல் ஒரு சுலைமானி குடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

சிக்கல் தினப்படிச் சாப்பாட்டில்தான். நம் பக்கம் கேழ்வரகுக் களி, சோறு, பருப்பு, கீரை. கறி வாரத்துக்கு ஒரு நாள், அதிலும் பெண்களின் தட்டுக்கு வருவது குழம்பும் எலும்பும்தான். அப்படிச் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கஷ்டப்பட்டு ஆய்ந்து சமைத்த முருங்கைக்கீரையின் இரும்புச்சத்தில் பெரும்பகுதி வீண். பால் சேர்த்தாலும் பெரிதாக மாறாது, உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே இருக்கிறது: சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். நான் கிராமத்துக் கூட்டங்களில் இதை மட்டும்தான் சொல்வேன். டீயை விடு என்றால் யாரும் கேட்பதில்லை, நேரத்தை மாற்று என்றால் கேட்கிறார்கள்.

மாத்திரைக்கும் இதே கதை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு, 'மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலை' என்று வந்து நிற்பார்கள். டீ டம்ளர் கையில் இருக்கும், மாத்திரை வாயில் இருக்கும். என் கண்ணால் பார்த்தது. தைராய்டு மாத்திரையும் அப்படித்தான், வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.


ஆற்காடு வாத்தியார் | செவ்வாய், காலை 7.10

எனக்கு 71 வயது. எங்கள் அம்மா காலத்தில் விடிந்ததும் நீராகாரம், கூழ். டீ என்பது விருந்தாளி வந்தால் மட்டும். இன்று கூழின் இடத்தில் டீ உட்கார்ந்துவிட்டது. மலர் எழுதியதில் எனக்கு வலித்தது டீத்தூள் சங்கதி மட்டுமில்லை, 'டீயும் 2 பொறையும்தான் காலைச் சாப்பாடு' என்ற வரி. பசியை 2 மணி நேரம் தள்ளிப்போட ஒரு டம்ளர் டீ போதும். அது மலிவு, சூடு, கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறலாம். வேலைக்குப் போகிற நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் காலையைக் கடக்கிறார்கள். அவர்களிடம் போய் 'டீ விஷம், விட்டுவிடு' என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. அந்த இடத்தில் வைக்க 2 இட்லி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

டீயைப் பற்றிய நல்ல செய்தியும் உண்மைதான் சிவா. பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலும் கறுப்புத் தேயிலை குடிப்பவர்கள். தினம் 2 கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு விகிதம், குடிக்காதவர்களைவிட 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது, பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். டீதான் காரணம் என்று அதை வைத்து நிரூபித்துவிட முடியாது. ஆனால் விஷம் குடிப்பவர்களின் கணக்கு இப்படி வராது அல்லவா?

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை மட்டும் நானே கண்டிப்பேன். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. டீ என்றில்லை, எந்தப் பானமானாலும் சூடுதான் காரணம். கிளாசை விரலால் பிடிக்க முடியவில்லை என்றால் தொண்டை மட்டும் எப்படித் தாங்கும்? ஒரு கையில் பீடி, ஒரு கையில் ஆவி பறக்கும் டீ என்று நிற்பவர்களைப் பார்த்தால் கிட்டே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.


ஜோலார்பேட்டை ஜங்ஷன் | செவ்வாய், மதியம் 1.00

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தேயிலைச் செடி மண்ணில் உள்ள ஃப்ளோரைடை (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். முற்றிய இலையில் அதிகம். எங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே, காவிரித் தண்ணீர் தர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். திருப்பத்தூர் மாவட்டத்திலும் போர்த் தண்ணீரில் இந்தச் சிக்கல் உள்ள ஊர்கள் இருக்கின்றன, பிள்ளைகள் சிரித்தால் பல்லில் மஞ்சள் பட்டை தெரியும். அந்தத் தண்ணீரில் டீ கொதிக்க வைத்தால் இரண்டும் சேர்கிறது.

அமெரிக்காவில் 47 வயதுப் பெண் ஒருவர் எலும்பு வலியோடு வந்தார். 17 வருஷமாக ஒரு நாளைக்கு 100 முதல் 150 டீ பை போட்டு ஒரே ஜாடியில் ஊறவைத்துக் குடித்தவர். ஃப்ளோரைடு எலும்பில் ஏறிவிட்டது. 2013இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. நம்மில் யாரும் அந்த அளவு குடிப்பதில்லை. ஆனால் தூளாகவே தின்கிறவர்கள் கவனிக்க வேண்டும். உங்கள் தங்கச்சி வீட்டில் போர்த் தண்ணீரா, காவிரித் தண்ணீரா?


ராணிப்பேட்டை சிவா | செவ்வாய், இரவு 9.00

செவிலியக்கா, அடிமை என்று எழுதியதற்கு வருந்துகிறேன். என் மனைவிக்கும் எப்போதும் அசதி, அவளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். அவள் எடை குறைய கிரீன் டீ மாத்திரை போடுகிறாள். அது பரவாயில்லையா?


செவிலியக்கா | செவ்வாய், இரவு 10.20

கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாற்றை இறுக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு தம்பி. இரண்டும் ஒரே செடிதான். மாத்திரையில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. என்ற கிரீன் டீச் சாற்றுப் பொருள் போனால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிப்பின் அறிகுறி) ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே சொல்லிவிட்டது. நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் அந்த டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். கிரீன் டீயும் இரும்பைத் தடுக்கும், அதையும் மறக்க வேண்டாம்.


குடியாத்தம் மலர் | சனி, மாலை 4.30

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை அவளுக்கு லீவு போடச் சொல்லி அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 8.2. குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். மருத்துவர் முதல் கேள்வியே, "அரிசி, சாக்பீஸ், மண் எதாவது திங்கணும்னு தோணுதாம்மா?" என்பதுதான். என் தங்கை என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அழுதுவிட்டாள். மாதவிடாய் 8 நாள் போகிறதாம், 2 வருஷமாக. எனக்கே இதுவரை சொல்லவில்லை. அதற்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரும்பு மாத்திரையும், பூச்சி மாத்திரை ஒன்றும் தந்தார்கள்.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம், ராத்திரி டீ மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும் என்றார்கள். செவிலியக்கா, நீங்கள் சொன்ன எலுமிச்சையைப் பற்றியும் கேட்டேன். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடலாம் என்றார்கள்.

ஜோலார்பேட்டை அண்ணா, அவள் வீட்டில் குடிக்கக் காவிரித் தண்ணீர்தான். மாஸ்டர் அண்ணா, தூளைச் சோதித்தேன். வெள்ளைத் தாளில் தண்ணீர் பட்டதும் கறுத்துப் போனது. சந்தையில் உதிரியாக வாங்கியதாம். கொட்டிவிட்டேன்.


பாய்லர் மாஸ்டர் | சனி, இரவு 7.45

கொட்டியது நல்லது அம்மா. அடுத்த முறை கொட்டாமல் கொஞ்சம் எடுத்து வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இன்னும் எத்தனை வீட்டு டப்பாவில் அதே தூள் இருக்கிறதோ.


ஆற்காடு வாத்தியார் | சனி, இரவு 8.15

காலைச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு மலர்?


குடியாத்தம் மலர் | சனி, இரவு 9.00

அவள் வீட்டுக்காரர் 5.30க்கு எழுந்து முந்தின நாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து பாட்டிலில் ஊற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் ஐயா. 10.30 மணி டீயை அப்படியே குடிக்கிறாள். மதியம் சாப்பிட்ட கையோடு குடித்ததை 3.30க்குத் தள்ளிவிட்டாள்.


குடியாத்தம் மலர் | 5 வாரம் கழித்து, ஞாயிறு

இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று மறுபடி ரத்தம் பார்த்தோம், 9.9. மாத்திரையை இன்னும் பல மாதம் விடாமல் போட வேண்டுமாம். ஹீமோகுளோபின் சரியானாலும் உடம்பில் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் ஆகும் என்றார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்ன நார்க்கட்டி, அதற்கு மருந்து போகிறது. மாத்திரையால் வயிறு கட்டிக்கொள்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று முதல் வாரம் பயந்தாள். அது மாத்திரையால்தான் என்று செவிலியக்கா தனிச்செய்தியில் சொன்ன பிறகு தொடர்கிறாள்.

டீத்தூள் ஆசை 2 வாரத்திலேயே குறைய ஆரம்பித்துவிட்டது, ரத்தம் முழுசாக ஏறுவதற்கு முன்னாலேயே. அவள் கூடத் தைக்கும் 2 பேர் தாங்களும் பச்சரிசி தின்பதாக அவளிடம் மெதுவாகச் சொன்னார்களாம். அவர்களையும் அனுப்பியிருக்கிறாள்.

இன்று காலை வந்திருந்தாள். எல்லோருக்கும் டீ போட என் சமையலறையில் டப்பாவைத் திறந்தவள், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி?" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா, வெறும் டீத்தூள் வாசனதான் வருது" என்று சொல்லிவிட்டு, 4 ஸ்பூன் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.